கரும்பலகையில் இரண்டு விடைகள்

குலசேகரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு விடைத்தாள் திருத்த வந்த அந்த டீச்சரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஒல்லியான உருவம், பெரிய கண்ணாடி. எந்த விடையையும் x-க்குப் பூச்சியம் போட்டுச் சரிபார்க்காமல் மதிப்பெண் போடமாட்டார். அவர் திருத்திய தாள்களை மேற்பார்வை பார்த்தவன் நான்.

பகுதிப் பின்னக் கணக்கு ஒன்று. விடைக்குறிப்பில் 1/(x−1) − 1/(x−2) என்று இருந்தது. பல பிள்ளைகள் 1/(x−1) + 1/(2−x) என்று எழுதியிருந்தார்கள். டீச்சர் முழு மதிப்பெண் போட்டார். நான் அடித்துவிட்டேன்.

டீச்சர் எழுந்து வந்தார். "என்ன சாரே இது? மைனஸை உள்ளே கொண்டுபோனா ரெண்டும் ஒண்ணுதானே?"

"குறிப்பில உள்ளபடி போடுங்க டீச்சர்."

"குறிப்பா பரீட்சை எழுதிச்சு? பிள்ளையல்லா எழுதியிருக்கு!"

யாரோ சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. டீச்சர் கரும்பலகையில் இரண்டு விடைகளையும் எழுதி, இரண்டிலும் x-க்குப் பூச்சியம் போட்டார். இரண்டும் மைனஸ் அரை என்றே வந்தன. அழுத்திய வேகத்தில் சாக்பீஸ் ஒடிந்தது.

"இதில எது தப்பு? தப்பை நீங்களே அழிங்க, சாரே."

இரண்டும் சரி என்பது எனக்கு முதலிலேயே தெரியும். ஒப்புக்கொண்டால் காலையிலிருந்து அடித்த தாள்களையெல்லாம் மறுபடி பிரிக்க வேண்டும். அத்தனை பேர் முன்னால் தோற்கவும் வேண்டும். அதற்காகச் சரியாகச் செய்த பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பிடுங்கினேன். என்ன வாத்தியார் நான்!

டஸ்டரை எடுத்துப் பிள்ளைகளின் விடையை அழித்தேன்.

டீச்சர் ஒடிந்த சாக்பீஸை மேசையில் வைத்தார். தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். அடுத்த தாளிலும் அதே விடை. அதற்கும் முழு மதிப்பெண் போட்டு என் பக்கம் நீட்டினார்.