தொட்டில் சேலையில் தங்கிய புகை

ராயபுரத்தில் வெள்ளைச் சேலையைக் காயப்போட்டால் ஈரம் போகுமுன் வெள்ளை போய்விடும். கல்யாணமாகித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இங்கே வந்த புதிதில் சலவைக்காரர்மேல்தான் எனக்குச் சந்தேகம். மொட்டைமாடியில் நின்று பார்த்தபிறகுதான் புரிந்தது. ஒரு பக்கம் ரயில் எஞ்சின்கள், மறுபக்கம் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் கப்பல்கள், நடுவே நாங்கள். காலையில் கடலே தெரியாது. நம் ஊரில் மார்கழியில் மட்டும் காணும் மூட்டம் இங்கே பங்குனியிலும் உண்டு. அதைப் பனி என்று நம்பி, பார்க்க அழகாயிருக்கிறது என்று ஊரிலிருக்கும் அக்காளுக்குக் கடிதம்கூட எழுதினேன். என் புத்தியை என்ன சொல்ல!

மகளுக்கு ஆறு மாதத்தில் இழுப்பு வந்தது. மூச்சு விடும்போது சின்ன நெஞ்சு குழிந்து குழிந்து எழும். பார்க்கவே பயமாயிருக்கும். எஞ்சின் புகைக்குப் பயந்து ஜன்னல்களை அடைத்தேன். நம் வழக்கப்படி தலைக்கு ஊற்றிச் சாம்பிராணி காட்டினேன். சளிக்கு நல்லதாயிற்றே என்று, குளிப்பாட்டும் நாளில் மட்டும் காட்டியதைத் தினம் இருவேளை ஆக்கினேன். இழுப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

கீழ்வீட்டு ஜைனம்பு என் வயதுக்காரி. அவள் கணவர் எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிறவர். ஒருநாள் குழாயடியில் ஆத்திரம் தாங்காமல் அவளிடம் கத்திவிட்டேன். "உங்க வீட்டுக்காரர் போடுத கரிதான் எம் பிள்ளையக் கொல்லுது."

அவள் துணி பிழிவதை நிறுத்தவில்லை. "எங்கூட்டுக்காரு கொளுத்துறது கரின்னா, நீ கதவ சாத்திகினு கொளுத்துறியே, அது இன்னா பன்னீரா? வூடே பொகைஞ்சிகினு கீது. கொயந்த இன்னா பண்ணும்?"

நம் வழக்கத்தை இளக்காரம் பண்ணுகிறாள் என்று இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. ஆனாலும் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. எங்களுடையது மளிகை மண்டி. மஞ்சள்தூளில் கலப்படம் என்றால் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார் என் கணவர். நானும் அதையே செய்தேன். ஒரு பீங்கான் தட்டை மாடியிலும் இன்னொன்றைத் தொட்டிலருகிலும் வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து இரண்டிலும் தண்ணீர் ஊற்றினேன். மாடித் தட்டில் கரித்தூள் அடியில் தங்கியது. அதன்மேல் தெருப்புழுதி சிவப்பாய்ப் படிந்தது. தண்ணீரை நாக்கில் வைத்தால் கரித்தது, கடல் உப்பு. மூட்டமான காலைகளில் தட்டில் ஈரம் கசிந்திருந்ததன் காரணமும் தெரிந்தது. உப்பு ஈரத்தை இழுக்கிறது, ஈரம் புகையைப் பிடித்துக்கொள்கிறது. நான் பனி என்று கொண்டாடியது இந்தக் கூட்டுச்சரக்கைத்தான். அறைத் தட்டில் எதுவும் அடியில் தங்கவில்லை, உப்பும் இல்லை. மெல்லிய கறுப்பு ஏடு மட்டும் மிதந்தது. விரலில் தேய்த்து முகர்ந்தேன். சாம்பிராணி.

அன்று நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். கீழே போய் ஜைனம்புவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "பேஜார் பண்ணிக்காத. மத்தியானம் கடல் காத்து அடிக்கசொல்ல ஜன்னல தொற. போதும்" என்றாள்.

சாம்பிராணியை நிறுத்தியதும் இழுப்பு பாதி குறைந்தது. மீதிப் பாதி வானத்தில் இருந்தது; அதை நான் எப்படி நிறுத்துவது? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு, அக்காள் வீட்டுக்குப் போனேன். ஒரே வாரத்தில் நெஞ்சு குழிவது நின்றது. அந்தச் சந்தோஷத்தில் குழந்தையைக் குளிப்பாட்டி, அக்காள் சாம்பிராணித் தட்டோடு வந்தாள். நான் அதைப் பிடுங்கித் தண்ணீரை ஊற்றினேன்.

"ஏட்டி, மெட்ராசுத் தண்ணி குடிச்சதும் நம்ம வழக்கமெல்லாம் ஒனக்கு எளக்காரமாப் போச்சோ?" என்றாள் அக்காள். விளக்கிச் சொன்னேன். நம்பவில்லை. ஆனால் கிளம்பும் நாளில் அவளே சொன்னாள்: "பிள்ளைய எங்கிட்ட விட்டுட்டுப் போ. நெஞ்சு பலப்படுத வரைக்கும் நான் வளக்கேன். சாம்பிராணி போடமாட்டேன், போதுமா?"

விட்டுவிட்டு வந்தேன்.

எட்டு மாதமாகிறது. மகள் இழுப்பில்லாமல் தூங்குகிறாளாம். அக்காளை அம்மா என்று கூப்பிடுகிறாளாம். கடிதத்தை வாசித்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன். எஞ்சின் புகை தாராளமாக உள்ளே வந்தது. வீட்டுத் துணியெல்லாம் வாராவாரம் வெளுக்கப் போகிறது. தொட்டில் சேலையை மட்டும் நான் போடவில்லை. அதில் முகத்தைப் புதைத்தால் சாம்பிராணி வாசம் இன்னும் இருக்கிறது.