வீராசாமி வேண்டாமென்ற கொத்து

லாபிஸ் தோட்டத்து நண்பர்களுக்கு... எழுத்து ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் விழுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். வீராசாமி திங்கட்கிழமை காலமாகிவிட்டான்.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார் வீட்டம்மா நாலு மாதமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு வரி முடிந்ததும் திரும்பப் படித்துப் பார்க்கிறேன், வாசிக்க வருகிறது. அறுபது வயதில் எனக்கு இது எவ்வளவு சந்தோஷம். அதில் முதலில் எழுத வேண்டிய சேதி இதுவா?

அவன்மேல் கோபம் இன்னும் தீரவில்லை.

உங்களோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்திலேயே அவனுக்கு முழங்கால் வலி. இந்தச் சிகாமட் தோட்டத்துக்கு வந்த பிறகு படுக்கவிடாத வலி. கஞ்சாப் புகைக்குத்தான் கொஞ்சம் அடங்கும். அதனால் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால், ஆற்றோர மரவள்ளிக்கு நடுவே, இரண்டு பேரும் சேர்ந்து செடி வைத்தோம். இந்தக் காகிதத்தைத் துரை வீட்டுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

போன வருஷம் எட்டுச் செடி. பூ கட்டியதும் அறுக்கலாம் என்றேன். அவன் ஒரு கொத்தைக் கிள்ளி முகர்ந்து, எலுமிச்சந்தோல் வாசம் இன்னும் வரவில்லை, ஒரு வாரம் போகட்டும் என்றான். அடுத்த வாரமும் அதையே சொன்னான்.

மூன்றாவது வாரம் ஆறு ஏறி வந்து எட்டையும் கொண்டுபோனது.

"வெள்ளத்துக்கு அவசரம், நமக்கென்ன மச்சான்" என்று சிரிப்பு வேறு. வருஷம் முழுக்க முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகினான்.

இந்த வருஷம் முளைத்தது இரண்டே செடி. அவன் காய்ச்சலில் விழுந்தான், மழையும் பிடித்துக்கொண்டது. அவன் பல்லைக் கடிப்பது பக்கத்து அறையில் எனக்குக் கேட்டது. பொறுக்க முடியாமல், அவனைக் கேட்காமலே ஒரு செடியை அறுத்தேன். அடுப்புக்கு மேலே உலர்த்திக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

முகர்ந்தான்.

"பச்சத் தழ வாட அடிக்குது மச்சான். ஆட்டுக்குப் போடு."

வலி உனக்கா எனக்கா என்று கேட்டேன்.

"எனக்குத்தான... இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கிறேன்."

"வாசம் பாத்துக்கிட்டே சாவு" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் அந்தப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள்தான் திங்கட்கிழமை.

நேற்று மரவள்ளிக்கு நடுவே போய், நின்றிருந்த செடியில் ஒரு கொத்தைக் கிள்ளி முகர்ந்தேன். காய்ந்த எலுமிச்சந்தோல் மாதிரி... அவன் சொன்ன வாசம் வந்துவிட்டது. ஆறும் கலங்கி ஏறிக்கொண்டிருக்கிறது. கத்தி கையில்தான் இருந்தது. யாருக்கு அறுப்பது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன்.

போய் வா, வீராசாமி.

நண்பர்களே, விரல் வலிக்கிறது. அறுத்தேனா, ஆறு கொண்டுபோனதா என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.