கை வரிசையில் நான் உட்காரவைத்த பெண்

காஞ்சிபுரத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். ஆசிரியர்களுக்கான ஒருநாள் பயிற்சிக்குப் போய்வந்ததும் பெரிய அறிவாளி ஆகிவிட்டேன். கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர் என்று மாணவர்களை மூன்று வரிசையாகப் பிரித்தேன். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே முடிவு செய்தேன். பட்டு நெய்கிற வீட்டுப் பெண் ஒருத்தியிடம், "உங்க வீட்ல கைதாம்மா பேசும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கை வரிசையில் உட்கார்ந்து, ஒரு மாதமாக அவள் வார்த்தை அட்டைகளை அடுக்கினாள். காது வரிசைக்காரர்கள் மட்டும் பேசிப் பழகினார்கள்.

போன வாரம் செவிலிமேடு பஸ்ஸில், பின்சீட்டிலிருந்து என் இங்கிலீஷ் கேட்டது. என் செருமல், என் பழைய ஜோக் உட்பட. திரும்பினேன். அவள்தான் தோழிக்கு என்னைப்போல் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை தப்பில்லை.

"சாரி சார்" என்று எழுந்தாள்.

"எப்டிம்மா இவ்ளோ வந்துது?"

"பக்கத்து வரிசைல நீங்க பேசறத கேட்டுக்கினே இருந்தேன் சார்."

"ஏன் சொல்லல?"

"கைதான் பேசும்னீங்க, எல்லாரும் சிரிச்சாங்க. அப்பாதான் சார் நெய்யறாரு. நான் தறியில உக்காந்ததே இல்ல."

தோழி விடவில்லை. "நாளைக்கு இவளுக்கு ஸ்ரீபெரும்புதூர்ல இன்டர்வியூ சார். அங்க அட்டை குடுப்பாங்களா?"

என் ஸ்டாப் வந்தது. இறங்க மனம் வரவில்லை. அவளை உட்காரச் சொல்லி, கடைசி ஸ்டாப் வரை இன்டர்வியூ கேள்விகளாகக் கேட்டேன். அந்த ஒரு மாதத்தில் நான் அவளிடம் இங்கிலீஷில் கேட்ட முதல் கேள்விகள் அவை.