இரண்டாவது ஷூ

இடது காலில் ஷூ ஏறிவிட்டது. வலது ஷூ கையில். "அப்போ கிளம்பறேன் தங்கச்சி" என்று சொல்லி இருபத்தைந்து நிமிடம் ஆகிறது. எங்கள் வாசற்கதவுக்கும் ஷூ அலமாரிக்கும் நடுவில் நிற்கிறார் புரொபசர். போன் அடிக்கிறது. அவர் மனைவி எடுத்த எடுப்பில் கேட்பது ஒரே கேள்விதான்.

"ஷூ எந்த நிலைமைல இருக்கு?"

"ஒண்ணு போட்டாச்சும்மா."

"சரி, நான் இன்னும் அடுப்பப் பத்த வைக்கல."

மாணவர்கள் புரொபசருக்கு வைத்த பெயர் 'கூண்டு'. குளிரக் குளிர, படிகமாகாமலே கெட்டிப்பட்டுக் கண்ணாடியாகிற திரவங்களைப் பற்றிக் கணக்குப் போடுவது அவர் வேலை. அந்த நிலையை நெருங்கும்போது ஒவ்வொரு மூலக்கூறும் அக்கம்பக்கத்து மூலக்கூறுகளாலான கூண்டில் மாட்டிக்கொள்கிறது. நொடியில் நகர்ந்தது, நகர ஒரு நாள் எடுக்கும். பிறகு ஒரு வருடம். இதைக் கரும்பலகையோடு விட்டிருந்தால் பட்டப்பெயர் வந்திருக்காது. நெரிசலான பஸ்ஸில், இறங்க வேண்டிய இடம் வந்தும் அசையாமல் நிற்பார். "முன்னாடி நிக்கறவர் நகராம நான் நகர முடியாது. அவருக்கும் அதே கஷ்டம். யாராவது ஒருத்தர் அசைஞ்சா போதும், மத்தவங்களுக்கு வழி கெடச்சிடும்" என்று விளக்குவார்.

"அந்த ஒருத்தரா நீங்களே இருந்து தொலைங்களேன்!" என்று கண்டக்டர் கத்தினாராம்.

"அருமையான கேள்வி" என்று சொல்லிவிட்டு, இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கியிருக்கிறார்.

என் கணவருக்கும் அதே துறை. பதினோரு வருடம், சனிக்கிழமைதோறும் இந்த வாசலில் சண்டை. குளிரில் மூலக்கூறுகள் கூட்டமாகச் சேர்ந்துதான் நகர முடியும், கூட்டம் பெருத்துக்கொண்டே போய் ஒரு வெப்பநிலையில் எல்லாம் அப்படியே நின்றுவிடும் என்பது என் கணவரின் மாடல். நிற்கவே நிற்காது, மெதுவாகும், இன்னும் மெதுவாகும், அவ்வளவுதான் என்பது இவருடையது. ஒருமுறை இவர் விடைபெறுவதை என் கணவர் கடிகாரம் வைத்து அளந்தார். நாற்காலியிலிருந்து எழ இரண்டு நிமிடம், கூடத்தைக் கடக்கப் பத்து, வாசலில் ஐம்பது. "இதுல மட்டும் உன் மாடல்தான்டா சரி. என்னோடதுபடி நீ வீட்டுக்கே போய்ச் சேர மாட்டே" என்றார். இவர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த மூன்று எண்களையும் குறித்துக்கொண்டு போனார்.

வாதத்துக்கு இவருக்கு இரண்டு கையும் வேண்டும். ஆகவே, "இதக் கொஞ்சம் பிடிடா" என்று வலது ஷூவை என் கணவரிடம் திணித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். சண்டை முற்றிய ஒரு நாள் என் கணவர் அந்த ஷூவோடேயே உள்ளே வந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

அவர் இறந்து ஐந்து மாதமாகிறது. இப்போது ஷூவை அலமாரி மேல் வைக்கிறார் புரொபசர். அது சரிந்து விழுகிறது. எடுத்து மறுபடி வைக்கிறார்.

இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்று பாக்கி. அதில் ஒரு வரைபடம், இரண்டு கோடுகள். சிவப்பு என் கணவருடையது, நீலம் இவருடையது. அளந்தெடுத்த புள்ளிகள் இருக்கிற வரை இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தே போகின்றன. அதற்கப்பால், யாரும் காத்திருந்து அளக்க முடியாத குளிரில் பிரிகின்றன. ஒரு கோட்டை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வெளியிட மாட்டோம் என்று ஆய்விதழிலிருந்து கடிதம். திங்கட்கிழமை கடைசி நாள். தவறினால் என் கணவரின் கடைசி எழுத்து மேசையிலேயே கிடக்கும்.

"நீலத்தையே வெச்சுக்குங்க அண்ணா. இனிமே யார் வந்து கேக்கப் போறாங்க?" என்றேன்.

முகம் சுண்டிவிட்டது. "எதிர் டீம் வராத மேட்ச்ல கோப்பைய வாங்கிக்கச் சொல்றியாம்மா?"

"அப்போ சிவப்பு?"

"அது தப்பும்மா!"

ஷூவை மறுபடி எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, பையிலிருந்த வரைபடத்தை எடுத்தார். கோடுகள் பிரிகிற இடத்தில் காகிதத்தைப் பின்பக்கமாக மடித்து நகத்தால் தேய்த்தார். எஞ்சியது ஒரே கோடு. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டும் இருக்கும்னு எழுதிடறேன். போடலேன்னா வேற எடத்துக்கு அனுப்புவோம். அங்கயும் போடலேன்னா இன்னொரு எடம்."

காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, ஷூவோடு அலமாரிப் பக்கம் திரும்பினார். பதினோரு வருடம் இதே கூடத்தில் விடைத்தாள் திருத்தியபடி நான் கேட்டுக் கேட்டு மனப்பாடமான என் கணவரின் வரி வாயில் வந்துவிட்டது.

"நிக்கவே நிக்காதுன்னு எப்படிச் சொல்றீங்க? அளக்கவே முடியாத எடத்துல அது நின்னிருந்தா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஷூவை வைக்க நீண்ட கை பாதியில் நின்றது. மறுபடி போன் அடித்தது; எடுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதக் கொஞ்சம் பிடிம்மா" என்று வலது ஷூவை என்னிடம் நீட்டினார்.