மாப்பிள்ளைக்கு ரெண்டு வீங்கிப்போச்சு

எங்கள் வீட்டு டிவி என் மச்சான் கொடுத்த சீர். வீடு பால்காய்ச்சிய அன்று போடிமெட்டிலிருந்து ஜீப்பில் ஏற்றி, மேளத்தோடு கொண்டுவந்து இறக்கினார். ஒரு பக்கம் நான் கைகொடுத்துத் தூக்கினேன். "என்ன மச்சான், லேசா இருக்கு?" என்றேன். தூக்குகிறவன் வாயில் வருகிற பேச்சுதானே அது? ஆனால் அவர் ஏலக்காய் விவசாயி. போடியில் ஒரு வியாபாரி காயை அள்ளிப் பார்த்து "லேசா இருக்கே" என்றால், உன் சரக்கு தேறாது என்று அர்த்தம். சாப்பிடாமலே ஜீப்பைத் திருப்பி மலையேறிவிட்டார். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன், டிவி லேசாகத்தான் இருந்தது.

இதில் மாட்டிக்கொண்டது பிறகு பிறந்த என் மகள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமனோ மலையை விட்டு இறங்குவதில்லை. "எங்கண்ணன் இருக்கையில இன்னொருத்தர் மடியில வைக்க மாட்டேன்" என்று என் மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். பிள்ளை ஓடியாடுகிற வயது வந்தும் மூளிக்காதோடு திரிந்தது. மற்றவர்கள் வீட்டுக் காதுகுத்துக்குப் போவதையே என் மனைவி நிறுத்திவிட்டாள்.

இந்த நிலையில் டிவி நின்றுபோனது. சிவப்பு விளக்கு சிமிட்டும், படம் வராது. சீர் டிவி கெட்டுப்போன சேதி மலைக்குப் போனால் அண்ணனுக்கு அவமானம், மெக்கானிக்கைக் கூப்பிடவே கூடாது என்றாள். ஆகவே நானே செல்போனில் வீடியோ பார்த்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்மூடியைக் கழற்றினேன். பவர் சப்ளை போர்டில் இரண்டு கெப்பாசிட்டர்கள் தலை உப்பிக் கிடந்தன.

ஊருக்கெல்லாம் மறைத்தவளால் அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. போனில் சொன்னாள்: "டிவி நின்னுபோச்சும்மா. அவுக தொறந்து பாத்தாக. ரெண்டு வீங்கிருச்சாம். சப்ளையே இல்லையாம். மாத்தணுமாம். அண்ணங்கிட்டச் சொல்லிராத." மலையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். மாமியார் காதில் விழுந்தது: "அவுக... ரெண்டு வீங்கிருச்சாம்... மாத்தணுமாம்... அண்ணங்கிட்டச் சொல்லிராத." புருஷன் பேரைச் சொல்லாதவள் வாயில் "அவுக" என்றால் நான்தான். மனுஷனுக்கு இரண்டாக இருந்து, வீங்கி, மாற்ற வேண்டியது எது? கிட்னி.

மறுநாள் காலை புது கெப்பாசிட்டர்களை வாங்கி வைத்துக்கொண்டு, பழசைக் கழற்ற ஈயத்தை உருக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் ஜீப் வந்து நின்றது. மாமியார், மச்சான், பின்னால் தோட்ட வேலைக்குப் போக வேண்டிய ஒரு லோடு ஆட்கள். மாமியார் படியேறும்போதே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார். ஒருவர் கையில் இளநீர்க் குலை, இன்னொருவர் கையில் பூப்பாறை வைத்தியர் கொடுத்த கஷாயம். மச்சான் நேரே வந்து என் கையைப் பிடித்தார். மறுகையில் சூடான சால்டரிங் அயர்ன் இருந்ததால் அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

"மாப்ளே, எங்கிட்ட ரெண்டு இருக்கு. ஒண்ண எடுத்துக்கங்க. வெரசா ஏறுங்க, மதுரைக்குப் போவம்."

"எதை மச்சான்?"

"கிட்னி மாப்ளே!"

அவருடையது சேராவிட்டால் தன்னுடையது இருக்கிறது என்றாள் பின்னால் நின்ற பெண் ஒருத்தி. அவளை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

விஷயம் புரிந்துபோன என் மனைவி, சொல்லிவிடாதீர்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். பேசாமல் படுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் மாமியார் என் முதுகைத் தடவி வீக்கத்தைத் தேட ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கூச்சம் அதிகம், சிரித்துவிட்டேன். வேறு வழியில்லாமல் போர்டை எடுத்து நீட்டினேன். "வீங்குனது இது ரெண்டுதான் மச்சான்."

அவர் போர்டைப் பார்த்தார். திறந்து கிடந்த டிவியைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார். போச்சு, இனி ஏழு ஜென்மத்துக்கும் பேச்சில்லை என்று நினைத்தேன்.

"என்னண்ணே, அப்ப கிட்னி வேணாமா?" என்றாள் அந்தப் பெண்.

என் மனைவி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அவரை மறித்தாள். "அண்ணே, இவளுக்குக் காது குத்தணும்ணே."

மச்சான் சுற்றி நின்ற தோட்டத்து ஆட்களைப் பார்த்தார். அத்தனை பேரும் அவர் சொன்னதைக் கேட்டவர்கள்.

"கிட்னியவே தர்றேன்னு சொல்லிட்டேன். இனி மடியத் தரமாட்டேன்னா ஊரு காறித் துப்பாதா?" என்று பிள்ளைக்குக் கையை நீட்டினார்.