சூறாவளி கொண்டுபோன விடைகள்

1978ஆம் ஆண்டு நோன்பு மாதத்தில், ஒரு பகல் நேரம், மருதமுனையில் எங்கள் வீட்டு வாசலில் தபால்காரர் சைக்கிள் மணியை அடித்தார். கொழும்பிலிருந்து என் பரீட்சை முடிவு வந்திருந்தது. கணக்காளர் ஆவதற்கான தொழில்முறைப் பரீட்சையின் முதற் கட்டத்தை எழுதிவிட்டுக் காத்திருந்தேன். கவரைக் கிழித்துப் பார்த்தேன். மற்றப் பாடங்களில் தப்பிவிட்டேன், கணக்கியலில் சித்தியடையவில்லை. அதில் தவறினால் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டும்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் படிக்கிற பெண் பிள்ளைகள் ஆசிரியை ஆவதற்குத்தான் படிப்பார்கள். கணக்காளராகப் போகிறேன் என்ற என்னை ஊர் கொஞ்சம் விநோதமாகவே பார்த்தது. வாப்பா கல்முனை பஸாரில் கைத்தறிச் சாரனும் சேலையும் விற்கும் கடை வைத்திருந்தார். அவர்தான் என்னைக் கொழும்புக்குக் கூட்டிப்போய்ப் பரீட்சை எழுத வைத்தவர். முடிவு தெரிந்ததும் அவருக்குத்தான் பேச்சு விழுந்தது. அன்று நோன்பு திறக்க வந்த மாமி, வாப்பா 'ராத்தா' என்று கூப்பிடும் அவருடைய அக்கா, கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "பொம்புளப் புள்ளைக்கு இவ்வளவு படிப்புக் காணும். நல்ல இடமொண்டு வந்திரிக்கி. பேசி முடிங்க."

வாப்பா பேரீச்சம்பழக் கொட்டையை ஓரமாக வைத்துவிட்டு, "இன்னொருக்கா எழுதட்டும். அதுக்குப் பொறகு பாப்பம்" என்றார். அவ்வளவுதான். ஆனால் அந்த "இன்னொருக்கா" என்ற சொல் எனக்குள் கல்லைப் போல இறங்கியது. அதற்கு மேல் இன்னொன்று இல்லை என்பது விளங்கியது.

எனக்கு வெட்கம் ஏன் அதிகமாக இருந்ததென்றால், நான் படிக்காமல் தோற்கவில்லை. மாதக் கணக்கில் படித்தேன். தபாலில் வந்த பழைய வினாத்தாள்களையும் அவற்றின் விடைகளையும் பாடமாக்கி வைத்திருந்தேன். எந்தக் கணக்கில் எந்தத் தொகை எந்த வரியில் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். பரீட்சையில் வந்ததோ நான் பார்த்திராத ஒரு கடை. தீப்பிடித்துக் கணக்குப் புத்தகங்கள் எரிந்துபோன ஒரு வியாபாரியிடம் மிஞ்சிய துண்டு துணுக்குகளைக் கொடுத்து, அந்த வருடத்தின் இறுதிக் கணக்கைத் தயாரிக்கச் சொல்லியிருந்தார்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. பாடமாக்கிய ஏதோ ஒரு விடையில் தொகைகளை மட்டும் மாற்றி எழுதிவிட்டு வந்தேன்.

என்னோடு அதே பரீட்சையை எழுதித் தோற்ற இன்னொருத்தி இருந்தாள். பாண்டிருப்பில், கடற்கரை ஓரத்து வீடு. எங்கள் ஊருக்கு அடுத்த ஊர், நடந்தே வந்துவிடலாம். அவளுடைய அப்பா கரைவலை இழுப்பவர். பள்ளிக்கூடத்தில் வர்த்தக வகுப்பில் நானும் அவளும் ஒரே வாங்கில் இருந்தோம். படித்து முடித்ததும் அவள் ஒரு கூட்டுறவுக் கடையில் எழுதுவினைஞராகச் சேர்ந்திருந்தாள். முடிவு வந்த மறுநாள் பின்னேரம், தோற்ற அந்த வினாத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"என்னகா, கண்ணெல்லாம் வீங்கிக் கிடக்கு?"

"ஒனக்கும் பெயில்தானே. நீ அழல்லியா?"

"அழுதன். மறுகா எழும்பி இந்தப் பேப்பரத் தேடி எடுத்தன். வா, திரும்ப எழுதுவம்."

எனக்கு எரிச்சலாக வந்தது. தோற்ற பேப்பரை யார் திரும்ப எழுதுவார்கள்? அவள் விடவில்லை. மேசையில் மணிக்கூட்டை வைத்து, பரீட்சையில் தந்த அதே நேரத்துக்குள் இரண்டு பேரும் எழுதினோம். அந்தக் கடைக் கணக்கில் இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்றுபோனோம். அவள் சந்தோசப்பட்டாள். "இப்ப எங்க தெரியா எண்டாவது தெரியும்தானே" என்றாள்.

அதன் பிறகு கிழமையில் இரண்டு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. சொந்தமாக முடித்துவிட்டுத்தான் விடையைப் பார்க்க வேண்டும். ஒரு தொகையை எழுதினால் அது ஏன் அங்கே வருகிறது என்று மற்றவளுக்குச் சொல்ல வேண்டும். கணக்கு ஒன்று சமப்படாவிட்டால் அதையே தேடிக்கொண்டு இருக்காமல் அடுத்த வினாவுக்குப் போக வேண்டும். எனக்கு இது பொறுமையைச் சோதித்தது. ஒரு பின்னேரம் முழுக்க உட்கார்ந்தால் ஒரே ஒரு கணக்குத்தான் முடியும். அவள் எழுதிக்கொண்டிருக்கும்போது நான் மெல்லப் பக்கத்தைப் புரட்டி விடையைப் பார்ப்பேன். ஒரு நாள் கண்டுவிட்டாள்.

"பாத்தா எல்லாம் தெரிஞ்ச மாதிரித்தான் இரிக்கும்" என்றாள். "நீ விடையப் படிக்கிறாய். கணக்கப் படிக்கல்ல."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. அவள் போன பிறகு முந்திய மாதிரியே பாடமாக்கத் தொடங்கினேன். அவளோடு எழுதுவது ஒரு பக்கம், மனப்பாடம் ஒரு பக்கம் என்று ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் போனது.

பெருநாள் கழிந்து கொஞ்ச நாளில் சூறாவளி அடித்தது. எங்கள் கிழக்குக் கரையில் அந்த வயதுக்காரர் எவரிடமும் கேட்டுப் பாருங்கள், இன்றைக்கும் "சூறாவளிக்கு முந்தி", "சூறாவளிக்குப் பிந்தி" என்றுதான் காலத்தைச் சொல்வார்கள். விடிந்து வெளியே வந்தபோது ஊரை அடையாளம் தெரியவில்லை. தென்னைகள் பாதைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தன. எங்கள் வீட்டு ஓடுகளில் பாதியைக் காணவில்லை. என் புத்தகங்கள் இருந்த தட்டில் ஊறிப்போன கடதாசிக் களிதான் இருந்தது. பாடமாக்கிய அத்தனை விடைகளும் அதற்குள் கிடந்தன.

பாதை ஓரளவு திறந்ததும் வாப்பாவும் நானும் பாண்டிருப்புக்குப் போனோம். அவளுடைய வீடு இருந்த இடத்தில் மணல்தான் இருந்தது. வலையும் இல்லை, தோணியும் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் சனங்கள் தங்கியிருப்பதாகச் சொன்னார்கள். அங்கே அவள் ஒரு பெரிய சட்டியில் சோறு ஆக்கும் பெண்களோடு நின்று விறகு தள்ளிக்கொண்டிருந்தாள். முழங்கையில் பெரிய காயம். யாருடையதோ சட்டையைப் போட்டிருந்தாள்.

என்னைக் கண்டதும், "எங்கட ஆக்கள் எல்லாரும் உசிரோட இரிக்காங்க" என்றாள். பிறகு நெருப்பைப் பார்த்தபடியே, "புத்தகம் ஒண்டும் மிஞ்சல்ல. ஒன்ட புத்தகம் இரிக்கா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். "பரவால்ல, வினா கொஞ்சம் ஞாபகம் இரிக்கி. நாமளே எழுதிக் கொள்ளுவம்."

வாப்பா அவளுடைய அம்மாவிடம் போய்ப் பேசினார். "வீடு கட்டி முடியிற வரைக்கும் புள்ள எங்கட மகளோட வந்து இரிக்கட்டும்" என்றார். அந்தத் தாய், "ஓம், கூட்டிப்போங்க" என்றார். உம்மா அவளுக்காக அறையின் ஒரு மூலையைத் துடைத்து, சின்ன மாடம் ஒன்றை ஒதுக்கிக் கொடுத்தார். காலையில் அவள் அங்கே திருநீறு பூசிக் கும்பிடுவாள். பக்கத்து அறையில் உம்மா தொழுதுகொண்டிருப்பார்.

வாப்பாவின் கடையும் தப்பவில்லை. கூரைத் தகரம் பறந்து, மழையில் ஊறிய சாரன்களின் சாயம் ஒன்றில் ஒன்று இறங்கியிருந்தது. கணக்குப் புத்தகங்கள் கூழாகிவிட்டன. பாதிக்கப்பட்ட வியாபாரிகளுக்கு வங்கியில் கடன் தருவார்கள், ஆனால் சூறாவளிக்கு முன் கடை எந்த நிலையில் இருந்தது என்று கணக்குக் காட்ட வேண்டும் என்றார்கள். வாப்பா சாப்பாட்டைக் கையால் அளைந்தபடி, "கடைய விட்டிர வேண்டியதுதான். எதக் காட்ட?" என்றார். கடை போனால் என் படிப்பும் போகும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அப்போது அவள்தான், "மாமா, நாங்க செய்து பாக்கட்டா?" என்றாள்.

வாப்பா அவளைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. நான் அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போய், "இது ஏலாதுகா" என்றேன். "நமக்குப் பெயில் போட்ட கணக்குத்தானே இது."

"அதாலதான் சொல்றன்" என்றாள். "இதுக்கு விடை எங்கயும் இல்ல. பாக்க ஏலாது."

அவள் வேலை பார்த்த கூட்டுறவுக் கடையும் சூறாவளியோடு பூட்டிக் கிடந்ததால், மறுநாளே தொடங்கினோம். வாப்பாவோடு போய் வங்கியில் கடைக் கணக்கின் பிரதியை வாங்கினோம். வாப்பா நூலை வாங்கித் தறி வீடுகளுக்குக் கொடுத்துத்தான் துணி நெய்விப்பார். அந்த நூல் வியாபாரிகளிடம் அவர்கள் வைத்திருந்த பற்றுச்சீட்டுப் பிரதிகளைக் கேட்டோம். தறி வீடுகளுக்கு ஒவ்வொன்றாக நடந்தோம். தறிகள் பல உடைந்து கிடந்தன. ஆனால் எவ்வளவு நெய்து கொடுத்தோம் என்பதை அந்த வீடுகளின் பெண்கள் மறக்கவில்லை. அவள் எதையும் உடனே எழுதிவிட மாட்டாள். இந்தத் துணி எங்கிருந்து வந்தது, எங்கே போனது, மிஞ்சியது எங்கே கிடந்தது என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுவாள். வெறும் எண்ணாகப் பாடமாக்கியதெல்லாம் எனக்கு அப்போதுதான் சாரனும் நூலும் மனிதர்களுமாகத் தெரியத் தொடங்கின. வரவு என்றால் என்ன, செலவு என்றால் என்ன என்பதே அந்த வீடுகளின் முற்றத்தில்தான் எனக்கு விளங்கியது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

கடைசியில் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டோம். வந்த துணிக்கும் விற்ற துணிக்கும் மிஞ்சியதற்கும் கணக்குப் போட்டால், கொஞ்சத் துணியைக் காணவில்லை. சூறாவளி கொண்டுபோனதையும் கழித்துப் பார்த்துவிட்டோம். ஒரு பின்னேரம் முழுவதும் தேடினோம். வாப்பாவும் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்த உம்மா எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பெருநாளைக்கும் நம்மட ஆக்கள் எல்லாருக்கும் உடுப்பு எங்கரிந்து வந்த?" என்று கேட்டார். "எங்கட உம்மா வீட்டாக்கள், ஒங்கட ராத்தா வீட்டாக்கள், எல்லாருக்கும்தானே குடுத்த."

வாப்பா சிரித்துவிட்டார். சூறாவளிக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். என் தோழியும் சிரித்தாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. முதலாளி தன் வீட்டுக்கு எடுத்த பொருளையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதை நான் எத்தனை தடவை பாடமாக்கியிருப்பேன். அது என் உடம்பில் இருந்த உடுப்பு என்று ஒரு தடவையாவது நினைத்துப் பார்த்தேனா?

கணக்கு முடிந்தது. வங்கி அதிகாரி நிறையக் கேள்வி கேட்டார். அவள் வாப்பாவுக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொன்னாள். கடன் கிடைத்தது, கடை மறுபடியும் திறந்தது. அவளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று வாப்பா பிடிவாதமாக நின்றார். "நானும் படிச்சன்தானே, மாமா" என்று சொல்லி மறுத்துவிட்டாள்.

மீதி மாதங்களில் ஒருத்தி வினா எழுதுவாள், மற்றவள் செய்வாள். விடை கையில் இல்லாததால், இரண்டு பேருக்கும் மனம் ஆறும் வரை வாதாடித்தான் ஒரு விடைக்கு வருவோம். சில நாள் சத்தம் தெருவுக்கும் கேட்கும்.

அடுத்த வருடம் வாப்பாவோடு பஸ்ஸில் கொழும்புக்குப் போய்ப் பரீட்சை எழுதினோம். பெரிய வினா இந்த முறையும் புதிதுதான். கூட்டு வியாபாரம் ஒன்றிலிருந்து ஒருவர் விலகுகிறார், அந்த நேரத்து நிலைமையைக் காட்ட வேண்டும். முதலில் வினாவை இரண்டு தரம் வாசித்தேன். பிறகு பொருள் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டேன். பேனை ஓடத் தொடங்கியது. சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகை கடைசியில் சமப்படவில்லை. முந்திய நானென்றால் அதிலேயே நேரத்தைத் தொலைத்திருப்பேன். விட்டுவிட்டு அடுத்த வினாவுக்குப் போனேன்.

பரீட்சைக்கு விண்ணப்பித்தபோது வீட்டு விலாசம் இல்லாததால் அவள் எங்கள் விலாசத்தையே கொடுத்திருந்தாள். முடிவு வரும்போது வீடு கட்டி முடிந்து, அவள் பாண்டிருப்புக்குத் திரும்பியிருந்தாள். இரண்டு கவர்களும் ஒன்றாக வந்தன. என்னுடையதை உடைத்தேன். சித்தியடைந்திருந்தேன். அவளுடையதையும் உடைக்கப் போன என்னை வாப்பா தடுத்தார். "அவட கடிதத்த அவதான் ஒடைக்கணும்."

ஓட்டமும் நடையுமாகப் பாண்டிருப்புக்குப் போனேன். கடற்கரையில் அவளுடைய அப்பா புதிய வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்தார், அவள் நூலைப் பிடித்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கையை மணலில் துடைத்துவிட்டுக் கவரை வாங்கினாள். வாசித்தாள். என்னைப் பார்த்து, "நீ?" என்றாள். நான் தலையாட்டியதும்தான் அவள் முகம் மலர்ந்தது.

"என்னவாம் மகள்?" என்று அப்பா கேட்டார்.

"ரெண்டு பேரும் பாஸ், அப்பா."

அவர் வலையைக் கீழே வைத்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஈயத்தைத் திரும்பக் கையில் எடுத்தார்.

அவள் பிறகு எல்லாக் கட்டங்களையும் முடித்து வேறு ஊரில் பெரிய பொறுப்புக்குப் போனாள். நானும் என் வழியில் கணக்காளரானேன். கலியாணம் முடித்துப் பிள்ளைகளையும் வளர்த்தேன். பரீட்சையில் தோற்றுவிட்டேன் என்று யாராவது என்னிடம் வந்தால், எப்படிப் படிக்க வேண்டும் என்று அவளிடம் கற்றதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன், அது இலகு. ஆனால் தன் வீடு இருந்த இடத்தில் வெறும் மணல் கிடந்த அந்த நாட்களில், இன்னொருவர் கடையின் இழப்பைக் கணக்குப் பார்க்க அவளாகவே முன்வந்து உட்கார்ந்தாளே, அந்த மனசை யாருக்கும் சொல்லிக் கொடுக்க எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்து பார்க்கக் கிடைத்ததே என் பாக்கியம் என்று மட்டும் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.