அலுமாரிக் கதவில் ஒரு நெற்றி

என் கணவரின் நெற்றியை அழித்தது நான்தான். ஒரு வெள்ளிக்கிழமை காலை, குளித்து முழுகி, சாமிக்கு விளக்கேற்றிவிட்டு, மிகுந்த பக்தியோடு அழித்தேன்.

அதை வரைந்தவர் எதிர்வீட்டு ஹங்கேரிக்காரர். மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் எங்கள் கதவுக்கு நேரே அவருடைய கதவு. நான் அவரை மெஸ்யூ என்பேன், அவர் என்னை மடாம் என்பார். பதினேழு வருடமாக அதற்கு மேல் பெயர் எதுவும் தேவைப்படவில்லை. என்னுடையது ஆஸ்பத்திரித் தரை துடைத்துப் பொறுக்கிய பிரெஞ்சு. அவருடையது பட்டறையில் பொறுக்கியது. இரண்டும் எப்படியோ ஒத்துப்போயின.

அவர் யாரிடமும் ஓவியம் படித்தவர் அல்ல. பதினெட்டு வயதில் அண்ணனோடு சேர்ந்து நாட்டின் எல்லையை நடந்தே கடக்க வெளிக்கிட்டவர். பாதி வழியில் எதையோ எடுத்துவரத் திரும்பிப் போன அண்ணன் பிறகு வரவேயில்லை. இவர் மட்டும் மொன்றியல் வந்து, மிருகத்தோலில் மேற்சட்டை தைக்கும் ஒரு பட்டறையில், ஈரத்தோலைப் பலகையில் இழுத்து ஆணி அடிக்கும் வேலையை முப்பது வருடத்துக்கு மேல் செய்தார். நாற்பது வயது தாண்டியபின் ஒரு நாள் குசினி அலுமாரிக் கதவில் ஒரு முகம் கீறினாராம். வீட்டுச் சொந்தக்காரன் கண்ணில் படக்கூடாது என்று கதவின் உட்பக்கத்தில் கீறினார். அதற்குப் பிறகு அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை.

படம் கீறுவதற்கென்று அவர் எதையும் வாங்கி நான் பார்த்ததில்லை. ஜூலை முதலாம் திகதி இந்த நகரமே வீடு மாறும். வேண்டாத சாமான்கள் எல்லாம் தெருவோரத்துக்கு வரும். அன்று அவர் ஒரு தள்ளுவண்டியோடு கிளம்பி, அலுமாரிக் கதவு, மேசையில் இழுக்கும் லாச்சியின் அடிப்பலகை, மேசைத் தட்டு என்று பொறுக்கி வருவார். அதுதான் அவருக்கு வருடப்பிறப்பு. சாயமும் சொந்தச் சமையல்தான். சாயப்பொடி, முட்டை மஞ்சட்கரு, கோதுமை மாப்பசை. பிழைத்துப்போனால் ஈரத்துணியால் ஒரு துடைப்பு, பலகை பழையபடி வெறுமையாகிவிடும். தானாகப் படித்தவர் அல்லவா, பிழைவிட வசதியாகவே சாயத்தையும் செய்துகொண்டார்.

அவர் வரைந்ததெல்லாம் முகங்கள். பஸ்ஸில் பார்த்தவர்கள், மெத்ரோவில் தூங்கி வழிந்தவர்கள், பட்டறையில் கூட வேலை செய்து செத்துப்போனவர்கள். கறுப்பரோ வெள்ளையரோ, ஆணோ பெண்ணோ, எல்லோருக்கும் ஒரே நெற்றி. அகலமாக, நடுவில் இலேசாகக் குழிந்து இருக்கும்.

“என்ன மெஸ்யூ, எல்லாருக்கும் ஒரே நெத்தியைக் குடுத்திருக்கிறியள்?” என்று ஒரு முறை பகிடியாகக் கேட்டேன்.

“எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு நெற்றிதான் மடாம்” என்றார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒரே ஒரு முறை பக்கத்து நூலக மண்டபத்தில் இருபது படங்களை வைத்தார்கள். நான் வடை சுட்டுக் கொண்டுபோனேன். வந்த ஒரு பெண்மணி நீண்ட நேரம் ஒரு படத்தின் முன்னால் நின்றார். கடைசியில் பலகையைத் தட்டிப் பார்த்து, இது மேப்பிள் மரமா என்று கேட்டார். அன்று வடை முழுவதும் தீர்ந்தது. படம் ஒன்றும் போகவில்லை.

என் கணவரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊரில் சண்டை நடந்த காலத்தில் மா அரைக்கச் சைக்கிளில் போனவர், மில்லுக்கும் போய்ச் சேரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. அப்போது மகள் என் வயிற்றில். கலியாண அல்பம் இடம்பெயர்ந்தபோது பதுங்குகுழிக்குள் விடுபட்டது. மகள் அப்பாவின் முகத்தை ஒரு துண்டுக் கடதாசியில்கூடப் பார்த்ததில்லை. அவளுக்குப் பதினாறு வயதானபோது இதை மெஸ்யூவிடம் எப்படியோ சொல்லி அழுதுவிட்டேன். அவர் ஒரு அலுமாரிக் கதவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “சொல்லுங்கள்” என்றார்.

நான்கு மாதம், ஞாயிறு தோறும். சிரிக்கும்போது வாய் எந்தப் பக்கம் முதலில் போகும்? கோபம் வந்தால் கண் என்ன செய்யும்? காது ஒட்டியிருக்குமா, விரிந்திருக்குமா? இரண்டு வருடம் கூட வாழ்ந்த மனிதனின் காது எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. சொல்வேன், கீறுவார், இல்லை என்பேன், துடைப்பார். ஒரு ஞாயிறு, இடது புருவம் மட்டும் சற்று மேலே ஏறியது. அவர்தான். தலையில் கைவைத்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டேன்.

“இவரோ அம்மா, அப்பா?” என்று கேட்ட மகள், கதவின் பிணைச்சல் ஓட்டைகளைத் தடவிக்கொண்டே நெடுநேரம் நின்றாள்.

“தண்ணீர் மட்டும் படக்கூடாது மடாம்” என்று சொல்லி மெஸ்யூ படத்தைத் தந்தார்.

அந்தப் படத்தை நான் ஹோலில் மாட்டினேன், சாமியறையில் அல்ல. மாலை போடவில்லை, பொட்டு வைக்கவில்லை. உயிரோடு இருப்பவருக்கு யாராவது பொட்டு வைப்பார்களா? என் நெற்றிக் குங்குமத்தையும் நான் ஒரு நாள் விட்டதில்லை. ஊர்ச்சனம் முதுகுக்குப் பின்னால் என்ன கதைத்தது என்று எனக்குத் தெரியும். கதைக்கட்டும் என்று இருந்தேன்.

போன வருடம் மெஸ்யூ குளியலறையில் விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வயோதிபர் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்களாம். வீட்டுச் சாவியை என் கையில் தந்து, “படங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார். நானும் தலையாட்டினேன். இருநூறு பலகைக்கு மேல். எங்கள் இரண்டறை வீட்டில் எங்கே வைப்பது என்று இழுத்தடித்தேன். ஜூலை முதலாம் திகதி வேலை முடிந்து வந்தபோது எதிர்க்கதவு திறந்து கிடந்தது. உள்ளே வெள்ளைப் பூச்சு மணம். வீட்டுக்காரன் எல்லாவற்றையும் தெருவோரத்தில் அடுக்கியிருந்தானாம். மத்தியானம் பெய்த மழையில் முகங்கள் வழிந்து ஓடிப்போக, பின்னேரம் குப்பை லொறி வந்து பலகைகளையும் அள்ளிவிட்டது. எங்கிருந்து பொறுக்கினாரோ அங்கேயே போய்ச் சேர்ந்தன. அவரிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. இன்னும் சொல்லவில்லை.

இந்த வருடம் மகளுக்குக் கலியாணம் நிச்சயமானது. கார்ட் அடிக்கக் கொடுப்பதற்கு முதல்நாள் அவள் மெதுவாகக் கேட்டாள்: “அம்மா, அப்பான்ர பேருக்கு முன்னால அமரர் எண்டு போடுறதோ, விடுறதோ? மாப்பிள்ளை வீட்டுக்காரர் கேக்கினம்.”

இருபத்தேழு வருடமாக எந்த அலுவலகத்துக்கும் எந்த ஐயருக்கும் சொல்லாத பதிலை, வெங்காயம் வெட்டிக்கொண்டே அவளுக்குச் சொன்னேன். “போடு பிள்ளை.”

அந்த வெள்ளி படத்தைச் சாமியறைக்கு மாற்றினேன். சந்தனம் குழைத்து அவர் நெற்றியில் வட்டமாக ஒரு பொட்டு வைத்தேன். பிறகு கண்ணாடி முன் நின்று என் குங்குமத்தைத் துடைத்தேன். அடுத்த வெள்ளி, பழைய பொட்டின் மேல் புதியதை வைக்கக்கூடாது என்று, காய்ந்த சந்தனத்தை ஈரவிரலால் நனைத்துத் தேய்த்தேன். சந்தனத்தோடு நெற்றியும் கழன்று வந்தது. ஐயோ என்று துணியால் ஒற்றினேன், இடது புருவமும் போனது. கீழே மரம் தெரிந்தது. தண்ணீர் படக்கூடாது என்று அவர் சொன்னதை நான் மறக்கவேயில்லை. ஒரு நாளும் அதைக் கழுவவில்லை. ஆனால் சந்தனத்தை நான் தண்ணீர் என்று நினைக்கவில்லை.

கதவைத் துவாயில் சுற்றி, இரண்டு பஸ் மாறி இல்லத்துக்குக் கொண்டுபோனேன். மெஸ்யூ யன்னலோரம் இருந்தார். புத்தி தெளிவாகவே இருந்தது. பெருவிரலால் அந்த வெறும் இடத்தைத் தடவிப் பார்த்தார். கோபிக்கவில்லை. கோபித்திருக்கலாம்.

“சொல்லுங்கள் மடாம், புருவம் எப்படி?”

“இடது பக்கம் கொஞ்சம் மேல.”

“எவ்வளவு மேலே?”

வாய் திறந்தேன். பத்து வருடமாக நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கதவை. கண்ணை மூடினால் இப்போது வருவதும் அந்தக் கதவுதான். அதற்குப் பின்னால், சைக்கிளில் ஏறிப் போன மனிதனைத் தேடினேன். போட்டிருந்த சேட்டு வந்தது, சைக்கிள் வந்தது, மா வாளி வந்தது. முகம் வரவில்லை.

“தெரியேல்லை மெஸ்யூ.”

“நெற்றி?”

“நீங்கள் கீறின மாதிரித்தான்.”

அவர் தலையை ஆட்டினார். “நெற்றியைப் பற்றி நீங்கள் அன்றைக்கே ஒன்றும் சொல்லவில்லை மடாம். அது என் அண்ணனுடைய நெற்றி. ஆனால் இப்போது எனக்கும் பார்க்காமல் வராது, மறந்துபோகிறது. வீட்டில் என் படங்கள் இருக்கின்றனவே, எல்லாவற்றிலும் அதே நெற்றிதான். ஏதாவது ஒன்றைக் கொண்டுவாருங்கள். பார்த்துப் போட்டுத் தருகிறேன். நானும் அவனைப் பார்த்து ஒரு வருடமாகிறது.”

துவாயை மறுபடி கதவின் மேல் சுற்றினேன். முடிச்சுப் போட வெகுநேரம் பிடித்தது.

“ஓம் மெஸ்யூ” என்றேன். “வாற ஞாயிறு கொண்டுவாறன்.”